தாமஸ் ஸ்டீவன்ஸ் சைக்கிளில் உலகைச் சுற்றியது உண்மைதானா?

நீங்கள் கேட்டிருப்பது இது. 1884-ல் கிளம்பி தாமஸ் ஸ்டீவன்ஸ் என்ற பத்திரிகையாளர், முன்சக்கரம் நெஞ்சுயரத்துக்கு நிற்கும் அந்தக் காலத்து சைக்கிளில் உலகைச் சுற்றி வந்தார் என்று எங்கோ ஒரு வரி படித்திருக்கிறீர்கள். ரோடே சரியாக இல்லாத காலத்தில், காற்றடைத்த டயர்கூட இல்லாத வண்டியில் இது நடக்கிற காரியமா, இல்லை பத்திரிகை விற்பதற்காக அளந்துவிட்ட கதையா என்பது உங்கள் சந்தேகம். கூடவே அந்த வண்டி இன்றும் எங்காவது இருக்கிறதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது. தன் பயணத்துக்குத் தானே சாட்சி, அதை எழுதிப் பணமும் வாங்குகிறார். அப்படிப்பட்டவர் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்?

நான் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன் இல்லை. பதினான்கு வருஷமாக நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுகிறேன். 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று நேரக்கெடு வைத்து ஓட்டும் பிரெவே பயணங்கள். கிட்டத்தட்ட அதே காலமாக 19-ஆம் நூற்றாண்டு சைக்கிள் பயண எழுத்துகளைத் தேடித் தேடிப் படிக்கிறேன். ஆனால் நான் படித்தது எல்லாம் ஆங்கிலத் தரப்பு. பாரசீகமோ துருக்கியோ சீனமோ எனக்குத் தெரியாது. அவர் கடந்துபோன ஊர்க்காரர்கள் அவரைப் பார்த்து என்ன நினைத்தார்கள் என்பதை நான் அவர் வாயிலாகத்தான் அறிவேன். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

நேரடியாகச் சொன்னால், போனார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ‘உலகைச் சுற்றினார்’ என்ற இரண்டு வார்த்தை நம் மனதில் ஏற்படுத்தும் படம் வேறு, நடந்தது வேறு. அப்புறம், கிளம்பும்போது அவர் பத்திரிகையாளரே இல்லை. 1854 டிசம்பரில் இங்கிலாந்தில் பெர்க்ஹாம்ஸ்டெட் என்ற சிற்றூரில் பிறந்தவர். பதின்ம வயதிலேயே அமெரிக்கா போய், வயோமிங்கில் ரயில்வே சார்ந்த ஆலையிலும் கொலராடோவில் சுரங்கத்திலும் வேலை செய்த சாதாரண உழைப்பாளி. சான் பிரான்சிஸ்கோவில் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டு, 1884 ஏப்ரல் 22 காலையில் புறப்பட்டார். ஹேண்டில்பாரில் கட்டிய சின்னப் பையில் மாற்று உடை கொஞ்சம், ஒரு மழைக்கோட்டு, ஒரு ரிவால்வர். அந்த மழைக்கோட்டுதான் ராத்திரியில் கூடாரமும் படுக்கையும். எழுத்தாளர் என்ற பெயர் அமெரிக்காவைக் கடந்த பிறகு, அந்தப் பயணத்தின் பலத்தில் அவருக்குக் கிடைத்தது.

வண்டியைப் புரிந்துகொள்ளாமல் பயணத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பதால் அதைக் கொஞ்சம் சொல்கிறேன். அது கொலம்பியா கம்பெனி வண்டி, முன்சக்கரம் 50 இஞ்ச், அதாவது 127 சென்டிமீட்டர். செயின் கிடையாது. பெடல் நேராக முன்சக்கரத்தின் அச்சில் இருக்கும். பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் ஒரே சுற்று, சுமார் நான்கு மீட்டர் நகரும். நம் ஊர்ப் பழைய கறுப்பு சைக்கிளில் ஒரு மிதிக்கு ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல் போகலாம். ஆக, சமதளத்தில் இது அப்படி ஒன்றும் மோசமான வண்டி இல்லை. சக்கரம் பெரிதாக இருந்ததற்குக் காரணமே இந்தக் கணக்குதான். செயினும் பல்சக்கரமும் வைத்து வேகத்தைக் கூட்ட வழியில்லாதபோது, கால் எட்டும் வரை சக்கரத்தைப் பெரிதாக்கினார்கள். பெரிய சக்கரம் குழி குண்டுகளின் மேல் சுலபமாக ஏறி இறங்கும். டயர் கெட்டி ரப்பர், அதனால் பஞ்சர் என்ற பேச்சே இல்லை.

ஆபத்து எல்லாம் உட்காரும் இடத்தில் இருக்கிறது. கோவையில் பழைய வண்டிகள் சேர்க்கும் நண்பர் ஒருவரிடம் இந்த மாதிரியில் செய்த வண்டி ஒன்று உண்டு. ஒரு காலைப்பொழுது அவர் எனக்கு ஓட்டக் கொடுத்தார். பின்னால் இருக்கும் குட்டிச் சக்கரத்துக்கு மேலே, முதுகுக் கம்பியில் ஒரு சின்ன முளை இருக்கும். இடது காலை அதில் வைத்து, வலது காலால் தரையை இரண்டு மூன்று முறை உந்தி, வண்டி ஓட ஆரம்பித்ததும் எம்பி, சீட்டுக்கு வழுக்கி, சுற்றிக்கொண்டிருக்கும் பெடலைக் காலால் பிடிக்க வேண்டும். சின்ன வயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்களுக்கு அந்த முதல் நொடியின் பயம் தெரியும். ஆனால் இங்கே உட்கார்ந்ததும் உங்கள் உடம்பின் எடை முழுக்க முன்சக்கரத்து அச்சுக்கு மேலேயே இருக்கிறது. ஒரு கல் தடுத்தால் போதும், மொத்த வண்டியும் அச்சில் சுழன்று உங்களைத் தலைகுப்புற முன்னால் வீசும். பிரேக்கை இறுக்கினாலும் அதேதான். கால் தரைக்கு எட்டாது. இறக்கத்தில் பெடல் தானாகச் சுழன்றுகொண்டே இருக்கும், நிறுத்தி ஓய்வெடுக்க முடியாது. சீரான மைதானத்தில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கியபோது என் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஸ்டீவன்ஸின் முதல் தொகுதியை மறுபடி எடுத்தேன். முன்பு வேகமாகத் தாண்டிப் போன பக்கங்கள் எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தன.

அமெரிக்கப் பகுதியில் அவர் சொல்லும் கணக்கைப் பாருங்கள். கடற்கரையிலிருந்து கடற்கரை, பாஸ்டனில் போய்ச் சேர்ந்தது ஆகஸ்ட் 4. மொத்தம் 103½ நாள். அதில் பயணம் செய்தது 83½ நாள், மழையாலும் பிறவற்றாலும் நின்றது 20 நாள். வண்டிப்பாதை வழியாகத் தூரம் சுமார் 3,700 மைல். வகுத்துப் பார்த்தால் பயண நாளுக்கு 44 மைல், கிட்டத்தட்ட 71 கிலோமீட்டர். வழியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வண்டியை உருட்டிக்கொண்டு நடந்தார் என்றே அந்தக் காலத்துச் செய்தி சொல்கிறது. நெடுந்தூரம் ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இது நடக்கக்கூடிய எண். விடிந்ததும் கிளம்பி இருட்டும் வரை ஓடுவதும் நடப்பதுமாகப் போகிற, உடல் வலுவுள்ள முப்பது வயது உழைப்பாளி இதைச் செய்யலாம். நாளுக்கு நூறு மைல் என்று எழுதியிருந்தால் நான் புத்தகத்தை மூடியிருப்பேன்.

எங்கே நடந்தார் என்பதும் பொருந்தி வருகிறது. ஏப்ரல் கடைசியில் சியரா நெவாடா மலையில் வண்டிப்பாதை பனிக்கு அடியில் கிடக்கும். ஆகவே ரயில் பாதையில் போனார். அங்கே பனிச்சரிவு தண்டவாளத்தை மூடாமல் இருக்க மைல்கணக்கில் மரக்கொட்டகைகள் கட்டியிருந்தார்கள், சுரங்கம் போல. உள்ளே கும்மிருட்டு, புகை. தொலைவில் ரயில் சத்தம் கேட்டதும் வண்டியையும் தன்னையும் பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்பார். ரயில் போனதும் புகை அடங்கும்வரை தடவித் தடவி நடை. சமவெளிக்கு வந்த பிறகும் பல இடங்களில் தண்டவாளத்து ஸ்லீப்பர் கட்டைகளின் மேல்தான் பயணம்.

அந்தக் குளிர்காலத்தை நியூயார்க்கில் கழித்தார். ‘அவுட்டிங்’ என்ற பத்திரிகை அவரைத் தன் சிறப்பு நிருபராக எடுத்துக்கொண்டது. 1885 ஏப்ரலில் கப்பலேறி, மே 4-ல் லிவர்பூலிலிருந்து இரண்டாம் பாதியைத் தொடங்கினார். இங்கிலாந்தில் தான் பிறந்த ஊர் வழியாகவே போய், கடல் கடந்து பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, ஹங்கேரி, செர்பியா, பல்கேரியா, கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்). பிறகு ஆசியத் துருக்கியைக் கடந்து பாரசீகம். 1885 குளிர்காலம் தெஹ்ரானில் கழிந்தது. அங்கே ஷா நாசர் அல்-தீன் முன்னால் சைக்கிள் ஓட்டிக் காட்டியிருக்கிறார். வசந்தத்தில் ரஷ்யப் பகுதி வழியாகப் போக அனுமதி கிடைக்கவில்லை. ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்தவரை அந்நாட்டு அதிகாரிகள் பிடித்து, ஹெராத் வரை கொண்டுபோய், திரும்பப் பாரசீக எல்லைக்கே அனுப்பிவிட்டார்கள். முந்தின வருஷம்தான் ஆப்கன் எல்லையில் இருந்த பஞ்ச்தேவில் ரஷ்யப் படைக்கும் ஆப்கன் படைக்கும் மோதல் நடந்து, பிரிட்டனும் ரஷ்யாவும் போர் விளிம்புக்குப் போய் வந்திருந்தன. அந்த நேரத்தில் தனியாக ஒரு வெள்ளைக்காரர் எல்லையில் சுற்றினால் எந்த அதிகாரியும் விட்டிருக்க மாட்டார்.

உங்கள் கேள்விக்கு முக்கியமான இடம் இதுதான். அங்கிருந்து அவர் வந்த வழியே பின்வாங்கினார். காஸ்பியன் கடலில் கப்பல், பாகுவிலிருந்து படூமி வரை ரயில், கருங்கடலில் மறுபடி கப்பல், கான்ஸ்டான்டினோபிள், பிறகு கடல் வழியாக இந்தியா. லாகூரிலிருந்து கல்கத்தா வரை சைக்கிள். தெற்கே இறங்கவே இல்லை. கல்கத்தாவிலிருந்து கப்பலில் ஹாங்காங், தென்சீனத்தில் கான்டனிலிருந்து (இன்றைய குவாங்சோ) வடக்கே ஒரு பகுதி, ஆற்றுப்படகு, ஷாங்காய்க்கு நீராவிக் கப்பல், ஜப்பானில் நாகசாகியிலிருந்து யோகோஹாமா வரை சைக்கிள். 1886 டிசம்பர் 17-ல் யோகோஹாமாவில் பயணம் முடிந்தது. சைக்கிளோடு கடந்த தூரம் என்று அவர் தரப்பில் சொல்லப்படுவது சுமார் 13,500 மைல், ஏறத்தாழ 21,700 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். இன்றைய கின்னஸ் விதிப்படி சைக்கிளில் உலகைச் சுற்றினேன் என்று சொல்ல வேண்டுமானால் குறைந்தது 18,000 மைல் ஓட்டியிருக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் ஸ்டீவன்ஸ் தேறமாட்டார். ஆனால் அவர் காலத்தில் அப்படி ஒரு விதியே இல்லை, எங்கே ரயில், எங்கே கப்பல் என்பதை அவர் ஒளிக்கவும் இல்லை. ஒளித்திருந்தால்தான் எனக்குப் பிரச்சினை.

சரி, அவர் எழுதியதை ஏன் நம்புகிறேன்? பிரெவே ஓட்டும்போது வழியில் குறிப்பிட்ட இடங்களில் கார்டில் முத்திரை வாங்க வேண்டும். ஸ்டீவன்ஸுக்கும் அப்படிப்பட்ட முத்திரைகள் உண்டு. ஊர்ப் பத்திரிகைச் செய்திகள், வரவேற்ற சைக்கிள் கிளப்புகள், ஹங்கேரியில் பல நாள் கூடவே ஓட்டிவந்த இகாலி என்ற சைக்கிள்காரர், தூதரகங்கள், பாதிரிமார்கள், தெஹ்ரான் அரண்மனை. ஆனால் என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரிய சாட்சி அவருடைய எழுத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் ஓயாமல் தரையைப் பற்றி எழுதுகிறார். இங்கே மணல், இங்கே கூழாங்கல், இங்கே மழைக்குப் பின் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சுற்றவே விடாத களிமண், இங்கே ஒட்டகத் தடத்தில் கெட்டியான ஒரு சாண் அகலப் பாதை. இலக்கியம் எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு இது சலிப்பு. சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு இதைவிட நம்பகமான பேச்சு கிடையாது. நாள் முழுக்க ஓட்டியவனிடம் ஊர் எப்படி இருந்தது என்று கேளுங்கள், கோபுரத்தைச் சொல்வதற்கு முன்னால் ரோட்டைச் சொல்லுவான். உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்கிறவருக்குப் புலியும் கொள்ளைக்காரனும் தோன்றும், ஜல்லியின் அளவு தோன்றாது.

இந்தியப் பகுதி இதற்கு நல்ல உதாரணம். கிராண்ட் டிரங்க் ரோட்டை அவர் மனம்விட்டுப் பாராட்டுகிறார். காரணம் கங்கர். வட இந்தியச் சமவெளியில் மண்ணுக்கடியில் கிடைக்கும் சுண்ணாம்புக் கட்டிகள் அவை. அதை உடைத்துப் பரப்பி, நனைத்து, திமிசு போட்டு இடித்தால் சிமென்ட் மாதிரி இறுகிவிடும். ஜல்லி உருளாது. கெட்டி ரப்பர் டயருக்கு அது வரப்பிரசாதம். சமவெளி, இருபுறமும் மரநிழல், இறுகிய தரை. ஆக அங்கே அவரை வாட்டியது ரோடு அல்ல, 1886 மழைக்காலத்துப் புழுக்கமும் வெயிலும்தான். ஆசியத்துருக்கி மலைகளில் நாள் கணக்கில் உருட்டியவர் இந்தியாவில் ஓடுகிறார் என்றால், அந்த வித்தியாசத்துக்குத் தரையில் காரணம் இருக்கிறது. தென்சீனத்தில் அதே மனிதர் மறுபடி வண்டியை உருட்டுகிறார், தூக்குகிறார். அங்கே இருந்தது வயல் வரப்பு அகல நடைபாதைகள். இப்படித் தரைக்கேற்ப வேகம் மாறுவது பொய்க் கணக்கில் வருவது கடினம்.

இதை இன்னொருவரோடு ஒப்பிட்டால் தெளிவாகும். 1894-ல் பாஸ்டனிலிருந்து கிளம்பிய ஆனி லண்டன்டெரி. லாட்வியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்துப் பெண், மூன்று குழந்தைகளின் தாய். லண்டன்டெரி என்பது அவருக்குப் பணம் கொடுத்த ஒரு தண்ணீர்க் கம்பெனியின் பெயர். அவர் 1895 ஜனவரியில் மார்செய் துறைமுகத்தில் கப்பலேறி, மார்ச் 23-ல் சான் பிரான்சிஸ்கோவில் இறங்கினார். இடையில் இருப்பது இரண்டு மாதம். கொழும்பு, சிங்கப்பூர், சைகோன், ஜப்பான் எல்லாம் கப்பல் நின்ற துறைமுகங்கள். ஆனால் இந்தியாவில் ஜெர்மன் அரச குடும்பத்தாரோடு புலி வேட்டையாடியதாகவும், சீன-ஜப்பான் போர்முனைக்குப் போனதாகவும் மேடைகளில் சொன்னார். நாட்களை எண்ணினாலே நடக்காது என்று தெரிந்துவிடும். அவரைக் குறைத்துச் சொல்ல இதை எழுதவில்லை. பெண்கள் சைக்கிள் ஏறுவதே சர்ச்சையாக இருந்த காலத்தில் அவர் செய்தது பெரிய துணிச்சல், அமெரிக்காவிலும் பிரான்சிலும் அவர் உண்மையாகவே நிறைய ஓட்டினார். ஆனால் அவர் சொன்னதில் தரை இல்லை, ஸ்டீவன்ஸ் சொன்னதில் இருக்கிறது.

ஸ்டீவன்ஸிடம் நான் நம்பாத பகுதிகளும் உண்டு. முதலாவது, உரையாடல்கள். நாலு வார்த்தைகூடத் தெரியாத மொழியில் கிராமத்தார் பேசியதை அவர் நீளமாக எழுதும்போது, அது சைகையிலிருந்து அவர் ஊகித்தது என்று மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். இரண்டாவது, மக்களைப் பற்றிய தீர்ப்புகள். குர்துகளும் பாரசீகக் கிராமத்தாரும் சீனரும் அவர் பார்வையில் பல இடங்களில் வேடிக்கைப் பொருட்கள் அல்லது தொல்லைகள். விசித்திரமான வாகனத்தில் ஒருவர் வந்தால் ஊர் கூடத்தான் செய்யும், ஓட்டிக் காட்டு என்று கேட்கத்தான் செய்யும். அதை முரட்டுத்தனம் என்று எழுதுகிறார். சோறும் இடமும் கொடுத்தவர்களைப் பற்றியே அவர் அப்படி எழுதியிருப்பதைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சீனத்தில் அவரைக் கும்பல் கல்லெறிந்து விரட்டியது நடந்ததுதான், அதிகாரிகள் காத்துப் படகில் ஏற்றினார்கள். ஆனால் பிரெஞ்சுக்காரர்களோடு சீனா போரிட்டு முடித்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். மூன்றாவது, வண்டியைப் பற்றிய புகழ்ச்சி. கொலம்பியா வண்டியைத் தயாரித்த ஆல்பர்ட் போப் 1882-ல் தொடங்கிய ‘வீல்மேன்’ இதழ்தான் பிறகு அவுட்டிங்கோடு இணைந்தது. சைக்கிள் விற்பவருக்கும் சைக்கிள் பயணம் வெளியிடும் பத்திரிகைக்கும் இடையில் அவ்வளவு நெருக்கம் இருந்தது. வண்டியைப் பாராட்டும் வரிகளை அந்தக் கணக்கில் வைக்கலாம்.

பத்திரிகைக்காக இப்படிப் போவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஃபிராங்க் லென்ஸ் சாட்சி. பிட்ஸ்பர்க்காரர். அதே அவுட்டிங் இதழுக்காக 1892-ல் காற்றடைத்த டயர் போட்ட புது வகை வண்டியும் கேமராவுமாகக் கிளம்பினார். சீனா, பர்மா, இந்தியா, பாரசீகம் எல்லாம் கடந்து, 1894-ல் கிழக்குத் துருக்கியில் எர்சுரும் போகும் வழியில் காணாமல் போனார். பத்திரிகை அடுத்த வருஷம் சாக்ட்லெபன் என்ற இன்னொரு சைக்கிள் பயணியைத் தேட அனுப்பியது. லென்ஸ் கொலை செய்யப்பட்டார் என்பதே அவர் கொண்டுவந்த செய்தி. ஸ்டீவன்ஸ் ஒன்பது வருஷம் முன்பு அதே பக்கத்து மலைகளில்தான் வண்டியை உருட்டிக்கொண்டு போயிருந்தார்.

படிக்க விரும்பினால் ‘அரவுண்ட் தி வேர்ல்ட் ஆன் எ பைசிக்கிள்’ என்ற அவர் நூல் 1887, 1888-ல் இரண்டு தொகுதிகளாக வந்தது. காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டதால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். இரண்டாம் தொகுதியின் இந்திய அத்தியாயங்களில் தொடங்குங்கள். ஊர்ப் பெயர்கள் தெரிந்தவை என்பதால் அவர் எங்கே சரியாகப் பார்க்கிறார், எங்கே தவறுகிறார் என்று உங்களுக்கே பிடிபடும். அதன்பின் அவர் முழுநேர நிருபராகவே ஆனார். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஸ்டான்லி என்ற ஆய்வுப்பயணியைத் தேட நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகை அவரை அனுப்பியது, ரஷ்யாவைக் குதிரையில் கடந்து ஒரு நூல் எழுதினார். பிறகு லண்டனில் ஒரு நாடக அரங்கின் நிர்வாகியாக இருந்து 1935 ஜனவரியில் இறந்தார்.

வண்டி இப்போது இல்லை. போப் கம்பெனி அதைப் பல பத்தாண்டுகள் பத்திரமாக வைத்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆயுதம் செய்யப் பழைய இரும்பு சேகரித்தார்கள் அல்லவா, அதில் அதையும் கொடுத்துவிட்டார்கள்.